மகன் கானா பாடுகிறான்: எதைத் தடுப்பது, எதை விட்டுவிடுவது?

பெரம்பூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்துக்கான பதில் இது. அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்கு 42 வயது. அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. பிறந்து வளர்ந்தது வட சென்னையின் புளியந்தோப்பில். அப்பா பின்னி மில் தொழிலாளி. 1996இல் மில் மூடப்பட்டபோது இவர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு வீடு பட்ட கஷ்டங்களுக்கு நடுவே படித்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியானார். “எங்கள் சமூகம் எது என்று நான் எழுதத் தேவையில்லை, புளியந்தோப்பு என்று சொன்னாலே முகத்தை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்” என்கிறார். கணவர் ரயில்வே ஊழியர். சில ஆண்டுகளுக்கு முன் பெரம்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கிக் குடிவந்தார்கள். ஒரே மகன், 16 வயது, தனியார் பள்ளியில் பிளஸ் ஒன். சிறு வயதிலிருந்தே கீபோர்டு வகுப்புக்குப் போகிறான். கிரேடு தேர்வுகளும் எழுதியிருக்கிறான்.

கடந்த ஓராண்டாக அவன் சனி, ஞாயிறுகளில் புளியந்தோப்பிலுள்ள தாய்மாமன் வீட்டுக்குப் போய், மாமன் பிள்ளைகளோடு சேர்ந்து கானா பாடுகிறான். சேர்த்துவைத்த பணத்தில் ஒரு டோலக்கும் வாங்கிவிட்டான். சென்ற மாதம், நண்பன் வீட்டில் தங்கிப் படிப்பதாகச் சொல்லிவிட்டு, ஒரு சாவு வீட்டில் விடிய விடிய நடந்த கச்சேரியில் பாடியிருக்கிறான். யாரோ எடுத்த வீடியோ சுற்றிச் சுற்றி, பள்ளிப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கே வந்து சேர்ந்தது. “இது உங்க பையனா?” என்று ஒரு தாய் கேட்க, வாசகி பதில் சொல்லாமல் குழுவிலிருந்து விலகிவிட்டார். கணவர் டோலக்கைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, “எங்க கொண்டுபோய்ப் படிக்க வெச்சாலும் உங்க அண்ணன் ரத்தம் விடுமா?” என்றிருக்கிறார். மகன் அவருக்குப் பதில் சொல்லவில்லை, அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டானாம்: “உனக்குப் பாட்டு புடிக்கலையா, மாமா வூடு புடிக்கலையாம்மா?”

வாசகி என்னிடம் கேட்பவை இவை. இது வயதுக் கோளாறா, சேர்க்கைக் கோளாறா? நல்ல இசை எது என்று தெரியாத அளவுக்குப் பிள்ளையின் காது கெட்டுவிட்டதா, கர்நாடக சங்கீத வகுப்பில் சேர்த்தால் திருந்துமா? “நாங்கள் கஷ்டப்பட்டு ஏறிவந்த இடத்திலிருந்து இந்தப் பாட்டு அவனைக் கீழே இழுத்துவிடும்” என்ற பயம் சரிதானா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. முகவரியைச் சொன்ன மாத்திரத்தில் எதிரே இருப்பவரின் குரல் மாறுவதை வாழ்நாள் முழுக்கக் கேட்டு வந்த ஒருவர், தன் பிள்ளை அந்தக் குரலைக் கேட்கவே கூடாது என்று நினைப்பதில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கடிதத்தின் நடுவே சில வரிகளில் நீங்கள் வேகமாகக் கடந்துபோன ஒரு செய்தியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் உங்கள் மகனின் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

உங்கள் அப்பா இறந்த இரவில் உங்கள் அண்ணன் கானாக் கச்சேரி வைத்தார். மில்லில் அப்பாவுக்கு இருந்த டோக்கன் நம்பரைச் சொல்லி, கேட் மூடிய நாளில் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியதைச் சொல்லிப் பாடகர் பாடினார் என்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவார்கள் என்பதற்காக, விடிவதற்கு முன்பே கச்சேரியை நிறுத்தச் சொன்னீர்கள். அண்ணன் நிறுத்திவிட்டார், அன்றிலிருந்து உங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. அப்போது எட்டு வயதுப் பிள்ளையாக இருந்த உங்கள் மகன் அந்த இரவு முழுக்கப் பாடகரின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். மகன் மேசையில் தாளம் போடும்போது, காய் நறுக்கிக்கொண்டிருக்கும் உங்கள் கையும் தானாக அந்த வேகத்துக்குப் போய்விடுகிறது என்றும், அதை உணர்ந்ததும் எரிச்சலோடு கத்தியைக் கீழே வைத்துவிடுவதாகவும் வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

ஆகவே, அவன் கேட்டது எதிர்த்துப் பேசுவதற்காகக் கேட்ட கேள்வி அல்ல என்று நினைக்கிறேன். பாட்டை நீங்கள் தள்ளும்போது அந்தப் பாட்டோடு சேர்ந்த மனிதர்களையும் தள்ளுகிறீர்களா என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். அந்த மனிதர்களில் தானும் ஒருவனா என்பதும் தெரிந்தாக வேண்டும்.

ரத்தம் பாடுவதில்லை

முதலில் உங்கள் கணவர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். “உங்க அண்ணன் ரத்தம்” என்று அவர் கோபத்தில் சொன்னார். “நம்ம ரத்தத்துல ஊறின பாட்டு, அவனுக்கு யாரும் கத்துத் தர வேணாம்” என்று உங்கள் அண்ணன் பெருமையாகச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் வெறுப்போடும் ஒருவர் பாசத்தோடும் சொன்னாலும் இருவரும் நம்புவது ஒன்றையே: ரசனை பிறப்போடு வருகிறது என்று. அது தவறு. பிறப்பை வைத்து மனிதரை எடைபோடும் வழக்கத்தால் இந்த ஊர் பட்ட பாடு போதாதா? அதே வழக்கத்தைக் காதுக்குள்ளும் கொண்டுவர வேண்டாம் என்று இருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

காது பழகிக்கொள்வது. சில ஸ்வரங்கள் சேர்ந்தால் இனிமை, சில சேர்ந்தால் கரகரப்பு என்பதுகூட எல்லா மனிதருக்கும் இயற்கையாக அமைந்த உணர்வு என்றுதான் நெடுநாளாக நம்பிவந்தார்கள். பொலிவியாவில் அமேசான் காட்டுப் பகுதியில் வாழும் சிமானே மக்களிடம் நடத்தி 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மேற்கத்திய இசை கேட்டு வளராத அவர்கள் இரண்டு வகைச் சேர்க்கைகளையும் ஒரே அளவு இனிமையானவை என்றே சொன்னார்கள். எதை இனிமை என்கிறோம் என்பதில் நாம் வளர்ந்த வீட்டுக்கும் தெருவுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆகவே “காது கெட்டுவிட்டது” என்ற உங்கள் கவலையை நீங்கள் விட்டுவிடலாம். இரண்டு ஊர்களின் இசையைக் கேட்டு வளர்ந்த காது அது, கெட்டுப்போன காது அல்ல.

காது எதற்குப் பழகுகிறது என்பதை, யாரோடு உட்கார்ந்து கேட்கிறோம் என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஜெர்மனியில் நான்கு வயதுக் குழந்தைகளை வைத்து நடத்தி 2010இல் வெளியான ஓர் ஆய்வில், சேர்ந்து பாடி, சேர்ந்து தாளம் தட்டிய குழந்தைகள், இசையில்லாமல் அதே விளையாட்டை விளையாடிய குழந்தைகளைவிட, பின்னர் ஒருவருக்கொருவர் அதிகமாக உதவினார்கள். ஒரே தாளத்துக்குக் கை போடுகிறவர்கள் நெருக்கமாகிவிடுகிறார்கள். நெருக்கமானவர்களோடு கேட்ட பாட்டு மனதில் தங்கிவிடுகிறது. பதின்வயதில் இது இன்னும் வலுவாக நடக்கும். ‘நான் யார்’ என்று தேடும் வயது அது; அந்த வயதில் கேட்ட பாட்டுதான் அறுபதிலும் மனிதரோடு வரும்.

உங்களையே எண்ணிப் பாருங்கள். அலுவலகத் தோழி ஒருவர் மார்கழியில் உங்களைக் கச்சேரிக்கு அழைத்துப் போனார், முதல் ஆண்டு ஒன்றும் பிடிபடவில்லை, இப்போது சில ராகங்கள் காதில் விழுந்தால் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த விருப்பம் அந்தத் தோழியோடு வந்தது. அந்த அரங்கத்தில் யாரும் உங்கள் முகவரியைக் கேட்காமல் பக்கத்தில் இடம் விட்டு உட்கார வைத்ததோடு வந்தது. அதனால் அது போலியா? நிச்சயமாக இல்லை. உறவின் வழியாக வந்த ரசனையும் உண்மையான ரசனைதான். உங்களுக்குப் பொருந்தும் இந்த நியாயம், தாத்தாவைப் பற்றிய பாட்டைக் கேட்டபடி ஓர் இரவு முழுக்க உட்கார்ந்திருந்த பிள்ளைக்கும் பொருந்தும்.

“எல்லாம் கேட்பேன், அது மட்டும் வேண்டாம்”

நல்ல இசை தன் தரத்தாலேயே நல்லதாக நிற்கிறது, மட்டமான இசை தன் மட்டத்தாலேயே கீழே கிடக்கிறது என்பது உங்கள் கடிதம் முழுவதும் ஓடும் நம்பிக்கை. இதை நான் மெதுவாக மறுக்க வேண்டியிருக்கிறது. பாட்டுக்குப் பாட்டு தர வேறுபாடு உண்டு. கானாவிலும் நல்ல பாட்டும் மோசமான பாட்டும் உண்டு. ஆனால் ஒரு வகை இசை முழுவதையும் மேல், கீழ் என்று அடுக்கும்போது நாம் அடுக்குவது பெரும்பாலும் அதைக் கேட்கிற மனிதர்களைத்தான். பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979இல் தன் நாட்டு மக்களின் ரசனைகளை ஆராய்ந்து இதையே விரிவாகக் காட்டினார்: உயர்ந்த ரசனை என்பது, படிப்பும் வசதியும் உள்ளவர்கள் மற்றவர்களிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்டிக்கொள்ளும் வழியாகவும் வேலை செய்கிறது.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது, அமெரிக்காவில் சமூகவியலாளர் பெத்தனி பிரைசன் 1996இல் வெளியிட்ட ஆய்வு. அதிகம் படித்தவர்கள் மற்றவர்களைவிடப் பலவகை இசையை ஏற்றுக்கொள்பவர்களாக இருந்தார்கள். ஆனால் அப்படிப் பரந்த மனத்தோடு கேட்பவர்களும் விலக்கிவைத்த வகைகள் எவை என்று பார்த்தபோது, ராப், ஹெவி மெட்டல், கன்ட்ரி, காஸ்பெல் என்று, மிகக் குறைவாகப் படித்தவர்கள் விரும்பிக் கேட்கும் இசைகளாகவே அவை இருந்தன. உங்கள் மகன் கொரியப் பாட்டு கேட்கிறான், ஆங்கிலப் பாட்டு கேட்கிறான், கீபோர்டில் மேற்கத்திய செவ்விசை வாசிக்கிறான்; மொழி புரியாத அந்தப் பாட்டுகள் ஒன்றும் உங்களைத் தொந்தரவு செய்யவில்லை. பாட்டி வீட்டுத் தெருவின் பாட்டு மட்டும் தொந்தரவு செய்கிறது. பிரைசன் கண்டது இதைத்தான்.

கானாவுக்கே என்ன நடந்தது என்று பாருங்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு தெருக்களில் சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும், டோலக் இல்லாவிட்டால் மேசையையோ குடத்தையோ தட்டிப் பாடிய பாட்டை, 1990களில் தேவா இசையமைத்த படங்கள் ஊரெல்லாம் கொண்டுசேர்த்தன. 2006இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதன் பாடிய பாட்டுக்குத் தமிழ்நாடே ஆடியது. 2012இல் ‘அட்டகத்தி’யில் பாடிய, புளியந்தோப்பில் வளர்ந்து சட்டம் படித்த கானா பாலாவை எல்லோருக்கும் தெரியும். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு மேடையேறியபோது, கானாவும் பறையும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில், சாதியைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டன. ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடிய வட சென்னைப் பெண் இசைவாணி, 2020இல் பிபிசியின் உலக அளவிலான நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். உங்கள் மகன் படிக்கும் பள்ளியின் ஆண்டு விழாவிலும் இந்தத் தாளத்துக்குப் பிள்ளைகள் ஆடியிருப்பார்கள், பெற்றோர் கைதட்டியிருப்பார்கள். சினிமா வழியாக வந்தால் கொண்டாட்டம், சாவு வீட்டிலிருந்து வந்தால் அவமானம் என்றால், அவமானத்துக்குக் காரணம் தாளம் அல்ல என்பது தெளிவு. கீபோர்டு தேர்வுத் தாளில் 6/8 என்று அச்சிட்டிருக்கும் தாளக் கணக்கைத்தான் அவன் டோலக்கிலும் வாசிக்கிறான். அவனுடைய ஆசிரியரிடம் கேட்டாலே சொல்வார்.

சாவு கானாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். செய்தித்தாளில் இரங்கல் குறிப்பு வராத, பெயர் எங்கும் அச்சாகாத ஒரு மனிதரின் வாழ்க்கையை, அவர் பிள்ளைகளின் பெயரையும் அவர் செய்த வேலையையும் சேர்த்து, ஒருவர் அந்த இரவிலேயே பாட்டாகக் கட்டுகிறார். தெரு முழுக்க உட்கார்ந்து கேட்கிறது. உங்கள் அப்பாவின் டோக்கன் நம்பர் இன்று எந்தப் பதிவேட்டில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் உங்கள் மகனுக்கு அது மனப்பாடம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த மரபு எனக்கு மிக மதிப்புக்குரியது. அதை நீங்களும் நேசித்தாக வேண்டும் என்று கேட்க மாட்டேன், இழிவு என்று மட்டும் எண்ண வேண்டாம்.

சங்கீதம் வேற்று ஊர்ச் சொத்தல்ல

கர்நாடக சங்கீத வகுப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ‘அங்கே’ இருக்கிற உயர்ந்த ஒன்றைக் கொண்டுவந்து ‘இங்கே’ இருக்கிற பிள்ளையைத் திருத்துவது போல நீங்கள் அதை எழுதியிருப்பதுதான் எனக்கு வருத்தம். முத்துசாமி தீட்சிதரின் குடும்பம் நம் மணலியில், மணலி முதலியார்களின் ஆதரவில் பல ஆண்டுகள் வாழ்ந்தது. ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்குத் தீட்சிதர் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் அவருடைய தம்பி பாலுசாமி. தியாகராஜர் சென்னைக்கு வந்தபோது தங்கியது ஜார்ஜ் டவுன் பந்தர் தெருவில். திருவொற்றியூர் அம்மன்மீது அவர் ஐந்து கிருதிகள் பாடியிருக்கிறார். வீணை தனம்மாள் (1867–1938) வாழ்ந்து வாசித்ததும் ஜார்ஜ் டவுனில்தான். வசதியானவர்கள் மயிலாப்பூர்ப் பக்கம் குடிபெயர்ந்த பிறகுதான் சங்கீதத்தின் முகவரியும் தெற்கே போனது. மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடமில்லாததை எதிர்த்து மூண்ட போராட்டத்தின் விளைவாக 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் ராஜா அண்ணாமலை மன்றம் இன்றும் பாரிமுனை அருகே நிற்கிறது. எந்த இசை யாருடையது என்ற எல்லைக்கோடு நம் ஊரிலேயே பலமுறை அழிந்து, வேறிடத்தில் போடப்பட்டிருக்கிறது.

எனவே மகனுக்கு விருப்பமிருந்தால் தாராளமாகச் சேருங்கள். பாரிமுனை மன்றத்திலேயே இசைக் கல்லூரி நடக்கிறது, பெரம்பூரிலிருந்து தூரமும் இல்லை. அவனிடம் கேட்காமல், கானாவுக்குத் தண்டனையாகச் சேர்க்காதீர்கள். அப்படிச் செய்தால் உங்களுக்குப் பிடித்துவரும் ஓர் இசையை அவன் வாழ்நாள் முழுக்க வெறுக்கக்கூடும்.

கண்டிக்க வேண்டியவை

இதுவரை சொன்னதை வைத்து எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் 16 வயதுப் பிள்ளை. சில விஷயங்களில் நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும், அந்த உறுதிக்கும் இசைக்கும் சம்பந்தமில்லை என்பது அவனுக்குப் புரியும்படி நிற்க வேண்டும்.

பொய் சொல்லிவிட்டு இரவு வெளியே தங்கியது தவறு. எங்கே, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பது தெரிந்துதான் போக வேண்டும். பள்ளி நாளுக்கு முந்தைய இரவுகளில் கச்சேரி கிடையாது. பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் பகல் பயிற்சி மட்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைப்பதை 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தடைசெய்கின்றன. அந்த நேரத்தில் போலீஸ் வந்து நிறுத்தினால், மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது உங்கள் மகனாக இருக்கக் கூடாது.

சாவு வீட்டில் மது இருக்கும். “குடிக்கிற இடத்துக்குத்தானே போகிறான்” என்ற உங்கள் கவலையில் முழு நியாயம் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மது கொடுப்பது 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி ஏழு ஆண்டுவரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றம் என்பதை உங்கள் அண்ணனிடம் நேராகச் சொல்லுங்கள். அதை மிரட்டலாகச் சொல்ல வேண்டாம். “அவன் உன் பொறுப்பு” என்று ஒப்படைக்கும் விதத்தில் சொல்லுங்கள். தாய்மாமனிடம் இப்படிப் பொறுப்பை ஒப்படைத்தால் பெரும்பாலும் அவர் காப்பாற்றுவார்.

அடுத்தது பாட்டின் வரிகள். ரவுடிகளைப் புகழ்ந்தும், பெண்களை, சில நேரம் சிறுமிகளையும் இழிவாகப் பேசியும் பாடி, வீடியோ போட்டுப் பார்வைகளைக் குவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவற்றைப் பாடுவதும் பரப்புவதும் போலீஸ் வழக்குவரை போகலாம். வழக்கு இல்லாவிட்டாலும் அது கேவலம். இதை ஒரு நிபந்தனையாகவே வையுங்கள்: தான் பாடும் பாட்டை அவன் முதலில் உங்கள் முன்னால் பாடிக் காட்ட முடிய வேண்டும். நீங்கள் உட்கார்ந்து கேட்கவும் வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் எனக்குத் தெரிகிறது. அதை நீங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. கீபோர்டைப் பற்றிப் பேசினால் மாமன் பிள்ளைகள் “இன்னா, பீட்டர் வுடுறியா” என்று கிண்டல் செய்வதாகவும், அதனால் அவன் பயிற்சியைக் குறைத்துக்கொண்டதாகவும் ஓரிடத்தில் வருகிறது. நம் ஆட்கள் என்று சேர்த்துக்கொள்ளும் இடமும் சில நேரம் விலை கேட்கும். ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் உள்ளே இடம் என்று சொல்லும். பள்ளியில் கானாவை மறைக்கிறான், புளியந்தோப்பில் கீபோர்டை மறைக்கிறான் என்றால் அந்தப் பிள்ளை இரண்டு இடத்திலும் பாதி ஆளாகத்தான் இருக்கிறான். அவன் இரண்டையும் மறைக்காமல் இருக்கக்கூடிய மூன்றாவது இடமாக உங்கள் வீடு இருக்க முடியும். அதற்காக, டோலக்கைப் பரணிலிருந்து இறக்கி, கீபோர்டு இருக்கும் அறையிலேயே வையுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது

உங்கள்முன் மூன்று வழிகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்: முற்றிலும் தடுப்பது, கண்டும் காணாமல் விடுவது, ஊரை விட்டே மாறிப்போவது. தடுத்தால் அவன் இன்னும் நன்றாக மறைக்கக் கற்றுக்கொள்வான். சென்ற மாதத்துப் பொய்யே அதன் தொடக்கம்தான். கண்டும் காணாமல் விட்டால், மேலே சொன்ன மதுவையும் இரவையும் வரிகளையும் யார் கவனிப்பது? ஊர் மாறுவதைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரம்பூருக்கு வந்தும் பயம் கூடவேதான் வந்திருக்கிறது. தெரிந்து, கேட்டு, எல்லை வைத்து அனுமதிப்பது ஒன்றுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அதில் உழைப்பு அதிகம், சண்டையும் வரும்.

கணவரிடம் தனியாகப் பேசுங்கள். கட்டுப்பாடுகளைப் பற்றி அவர் கவலைப்படுவது நியாயம், அவற்றை இருவரும் சேர்ந்தே வையுங்கள். ஆனால் ‘ரத்தம்’ என்ற பேச்சை இனி எடுக்க வேண்டாம் என்று கேளுங்கள். தன் பாதி உடம்பே குற்றம் என்று ஒரு பிள்ளை அப்பாவின் வாயால் கேட்பது ஆழமான காயம். அதற்கு அவர் மகனிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தால் நல்லது.

பள்ளிக் குழுவில் மீண்டும் சேருங்கள். அந்தத் தாய் கேட்டது கேள்வி மட்டுமே; இகழ்ச்சி அதில் இருந்ததா என்பது இன்னும் தெரியாது. “ஆமாம், என் பையன்தான், நன்றாகப் பாடுகிறான்” என்று ஒரே வரியில் பதில் போடுங்கள், விளக்கம் வேண்டாம். பள்ளியில் யாராவது சாதியைச் சொல்லியோ ஊரைச் சொல்லியோ அவனை இழிவுபடுத்தினால், தேதி, இடம், சொன்னவர் பெயர் ஆகியவற்றோடு தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவரைப் பொதுப் பார்வையில் சாதி சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். அந்த நிலை வந்தால் வழக்கறிஞரின் ஆலோசனையோடு செல்லுங்கள். நீங்கள் பயந்து விலகினால், மறைக்க வேண்டிய ஏதோ ஒன்று தன்னிடம் இருக்கிறது என்றே மகன் எடுத்துக்கொள்வான்.

மகனின் கேள்விக்கு நீங்கள் நேராகப் பதில் சொல்ல வேண்டும். தாத்தா இறந்த இரவில் பாட்டை ஏன் நிறுத்தச் சொன்னீர்கள், அலுவலகத்தில் யார் என்ன சொல்லிவிடுவார்கள் என்று பயந்தீர்கள், அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதையெல்லாம் எனக்கு எழுதியது போலவே அவனிடமும் சொல்லுங்கள். 16 வயதுக்கு அதைப் புரிந்துகொள்ள முடியும். கானா உங்களுக்குப் பிடிக்கவே இல்லை என்றால் அதையும் சொல்லலாம். அம்மாவுக்குப் பிடிக்காத பாட்டைப் பாடுவதற்கும், அம்மாவால் வெறுக்கப்படும் மனிதர்களின் பாட்டைப் பாடுவதற்கும் உள்ள வேறுபாடு அவனுக்குப் போதும்.

அண்ணன் வீட்டுக்கு நீங்களே ஒரு முறை போய் வாருங்கள், மகனை முன்னால் அனுப்பாமல், கணவர் வந்தாலும் வராவிட்டாலும். அன்று நிறுத்தச் சொன்னதைப் பற்றி அண்ணனிடம் பேச வேண்டியது நீங்கள்தான். இத்தனை நாளும் உங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பிள்ளை ஒரு பாட்டை வைத்துக்கொண்டு போய்வந்து கொண்டிருக்கிறான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சில அறிகுறிகளை மட்டும் கவனியுங்கள். தூக்கம் கெடுவது, பள்ளிக்குப் போக மறுப்பது, மதிப்பெண் திடீரெனச் சரிவது, குடித்த வாடை, பாட்டிலும் நண்பர்களிலும்கூட ஆர்வம் அற்றுப்போவது ஆகியவை இரண்டு வாரங்களுக்குமேல் தொடர்ந்தால், அது இசையைப் பற்றிய பிரச்சினை அல்ல. அவனை நேரில் ஓர் உளவியல் ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன்பே பேச வேண்டும் என்று தோன்றினால், கட்டணமில்லாத அரசு உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். மகன் தனியாகப் பேச விரும்பினால் சிறுவர்களுக்கான 1098 இருக்கிறது.